பழைய டர்போ டீசல் காரில் இழுவை குறைந்தால்: வீட்டிலேயே குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய டர்போ டீசல் கார் ஒரு நாள் மேடு ஏறத் திணறினால், பட்டறையில் முதலில் காதில் விழுவது "டர்போ போச்சு" என்ற சொல்தான். அந்தச் சொல்லை நம்பிப் பெருந்தொகை கொடுத்துப் புது டர்போ மாட்டிய பிறகும் வண்டி பழையபடியே திணறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டர்போ தானாகக் கெடுவது அரிது. அதற்கு வரும் ஆயில், அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்று, அதைக் கட்டுப்படுத்தும் மெல்லிய குழாய்கள் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று பழுதாகி, டர்போவைக் கெடுக்கிறது அல்லது டர்போ கெட்டதுபோலக் காட்டுகிறது. எனவே குறை தேடும் வரிசையில் டர்போவைக் கடைசியில் வைக்க வேண்டும். அந்த வரிசையில் எதை எப்போது பார்ப்பது, எதை வீட்டு வாசலில் வைத்தே செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை டர்போ என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் சாலைகளில் இன்றும் மிகுதியாக ஓடும் 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜினையே எடுத்துக்கொள்ளலாம். 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்து, பிறகு டிசையர், புன்ட்டோ, லினியா, விஸ்டா, மான்சா, எர்டிகா எனப் பல வண்டிகளில் இடம்பெற்ற இன்ஜின் அது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்த இன்ஜின் பொருத்திய பழைய கார்கள் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. இதிலேயே இரண்டு வகை உண்டு. 75 குதிரைத்திறன் கொண்டதில் வடிவம் மாறாத டர்போ இருக்கிறது. காற்றழுத்தம் எல்லை மீறும்போது வேஸ்ட்கேட் என்னும் சிறிய கதவு திறந்து, புகையின் ஒரு பகுதியை, புகையால் சுழலும் சக்கரமான டர்பைனுக்குள் விடாமல் சுற்றி வெளியே விடும். 90 குதிரைத்திறன் கொண்டதில் வி.ஜி.டி. வகை டர்போ இருக்கிறது. டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகளின் கோணத்தை இன்ஜின் கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டின் நோய்களும் வேறு என்பதால், இந்த வேறுபாடு தெரியாமல் தொடங்கினால் பாதி வேலை வீணாகும்.

டர்போ வேலை செய்யும் விதம் எளிதானது. சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. சிறிய கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆயிலைப் பற்றிப் பின்னால் நான் வற்புறுத்திச் சொல்லப்போவது ஏன் என்பது விளங்கும்.

தொடங்கும் முன்

வண்டி முழுவதும் ஆறிய பிறகே கைவைக்க வேண்டும். டர்போவின் புகைப்பக்க உறை, வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஆன பிறகும் தோலை உரிக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுக்க வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய லாரிகளின் வழக்கம், இங்கே அதைச் செய்யவே கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது, அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தாலே நனையும் இடம் தெரிந்துவிடும்.

புகையும் சத்தமும் சொல்வது

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு ஒரு நண்பரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் இன்னொரு வண்டியில் போய்ச் சைலன்சரைப் பாருங்கள். இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால் டீசல் போகிறது, காற்றுப் போதவில்லை என்று பொருள். ஹோஸ் வெடிப்பு, அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தே நிற்கும் இ.ஜி.ஆர். வால்வு (புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு), வேலை செய்யாத டர்போ ஆகியவை சந்தேகத்துக்குரியவை. இழுவை குறைந்து புகையே வரவில்லை என்றால் டீசல் போதவில்லை, அல்லது கம்ப்யூட்டரே இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக டீசலைக் குறைத்துவிட்டது. 3,000 சுற்றுக்கு மேல் ஏறாமல் அடங்கி, சாவியை அணைத்துப் போட்டால் சிறிது தூரம் ஒழுங்காக ஓடி மறுபடி அடங்கினால், இரண்டாவது காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சிக்னலில் ஓரிரு நிமிடம் நின்று கிளம்பும்போது மட்டும் ஒரு மேகம் எழுந்து மறைந்தால் டர்போவின் சீலையும் வால்வு சீலையும் பார்க்க வேண்டும். வெள்ளைப்புகையில் கண் எரிந்தால் அது எரியாத டீசல், இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். இவ்விரண்டும் டர்போவின் குறைகள் அல்ல என்பதால் இங்கே விடுகிறேன்.

சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மெல்லிய, சீரான விசில் இயல்பானதே. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் "உஸ்ஸ்" என்று காற்று சீறினால் கசிவு இருக்கிறது. ஆம்புலன்ஸ் சைரன்போல வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி கேட்டால் டர்போவின் பேரிங்கோ இறக்கையோ சேதமடைந்திருக்கலாம். உலோகம் உரசும் ஒலி கேட்டால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வருவதே நல்லது, ஏனென்றால் உடையும் இறக்கையின் துணுக்குகள் இன்ஜினுக்குள் போக வழி இருக்கிறது.

முதல் தேடல்: காற்று கசியும் இடம்

எங்கள் வீட்டில் 2009 மாடல் டீசல் கார் ஒன்று இருக்கிறது. ஒரு முறை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டிய வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்துதான் மேலே போக முடிந்தது. பின்னால் கரும்புகை, முன்னால் சீறல். மறுநாள் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஹோஸாகப் பார்த்தேன், எல்லாம் நன்றாகவே தெரிந்தன. டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரலை விட்டுத் தடவியபோது மட்டும் ஓரிடத்தில் பிசுபிசுப்பாகக் கரி ஒட்டியது. ஹோஸைக் கழற்றி இரு கைகளாலும் மடக்கிப் பார்த்ததும், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. மடக்காமல் வைத்தால் அது மூடிக்கொண்டு, மெல்லிய கோடாகக்கூடத் தெரியவில்லை. உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் இத்தகைய வெடிப்புதான் பழைய டர்போ கார்களில் மிகவும் சாதாரணமான குறை. அதற்குள் ஒரு பட்டறையில் டர்போவுக்கே விலை சொல்லியிருந்தார்கள்.

ஆகவே கண்ணால் பார்ப்பது போதாது. ஒவ்வொரு ஹோஸையும் கழற்றி, மடக்கி, அடிப்பக்கத்தையும் வளைவின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். கிளாம்ப் உட்காரும் விளிம்பில் ரப்பர் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் பகுதி) உள்ள வண்டியில் அதன் இரு முனைகளையும், கல்லடி படும் முன்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹோஸின் உட்சுவரில் மெல்லிய ஆயில் படிந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இன்ஜினின் உள்ளாவி வெளியேறும் பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் இணைவதால் அந்தப் படலம் எல்லா வண்டியிலும் இருக்கும். ஹோஸைச் சாய்த்தால் ஆயில் வடிந்து கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

இதையும் மீறி ஒளிந்திருக்கும் கசிவைக் கண்டுபிடிக்க, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு கருவி செய்துகொள்ளலாம். டர்போவுக்குக் காற்று வரும் ஹோஸின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் தடித்த பி.வி.சி. எண்ட் கேப் ஒன்று வாங்கி, நடுவில் 11.5 மி.மீ. துளை போட்டு, பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வை உட்புறத்திலிருந்து இழுத்துப் பொருத்த வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதை அடுத்துள்ள காற்றளவு சென்சாரையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஹோஸின் வாயில் கேப்பைச் செருகிக் கிளாம்ப் போட வேண்டும். பிரீதர் குழாயைக் கழற்றி, அது இணையும் வாயை அடைத்துவிட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். உள்ளே இறங்கும் காற்று இன்ஜின் சீல்களைத் தள்ளாமல் வெளியேற அது வழிவிடும். பிறகு மீட்டர் உள்ள கால் பம்பால் 10 பி.எஸ்.ஐ. வரை மெல்ல அடித்து, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. 15 பி.எஸ்.ஐ.-ஐத் தாண்டக் கூடாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை நேரடியாக இணைக்கக் கூடாது, பி.வி.சி. வெடித்தால் துண்டுகள் பறக்கும், கேப் கழன்றால் துப்பாக்கிக் குண்டுபோல வரும், எனவே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பக்கவாட்டில் நின்றே அடிக்க வேண்டும். மீட்டர் முள் மெல்ல இறங்குவதைக் கண்டு பதறவும் வேண்டாம். ஏதாவது ஒரு சிலிண்டரில் இன்டேக் வால்வு திறந்திருக்கும் என்பதால், அதன் பிஸ்டன் ரிங் வழியாகச் சிறிது காற்று இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி, திறந்த மூடி வழியாக வெளியேறுவது இயல்பே.

வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது வீடு வந்து சேரும் வரைக்கும்தான். புதிதாக வாங்கும்போது தண்ணீர்க்குழாய்க்கான சாதா ரப்பர் ஹோஸை வாங்க வேண்டாம். ஆயிலும் சூடும் பட்டு அது உப்பிவிடும். வண்டிக்கென்றே வரும் ஹோஸ் கிடைக்காவிட்டால், உட்புறம் ஆயிலைத் தாங்கும் பூச்சுள்ள, துணி அடுக்கு வைத்த சிலிக்கான் ஹோஸைப் போடலாம். கிளாம்ப் இறுகும் இடத்தை ஆயில் இல்லாமல் துடைத்த பிறகே மாட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் மேட்டிலேயே ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும்.

இரண்டாவது தேடல்: டர்போவை ஆட்டுவிக்கும் பகுதி

வி.ஜி.டி. வகையில் தகடுகளைத் திருப்புவது பெரும்பாலும் வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. இன்ஜினின் வேக்கம் பம்பிலிருந்து பென்சில் பருமனுள்ள குழாய் ஒன்று மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்கும், அங்கிருந்து டர்போவின் மேலிருந்து தகடுகளை நகர்த்தும் வட்ட வடிவ ஆக்சுவேட்டருக்கும் போகிறது. பத்தாண்டு வெப்பத்தில் அந்தக் குழாயின் முனை காய்ந்து பிளந்துவிடும். நூறு ரூபாய்கூடப் பெறாத அந்தக் குழாயால் ஒரு டர்போவே குற்றம் சுமக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. இன்ஜின் அணைந்திருக்கும்போது ஆக்சுவேட்டரிலிருந்து வரும் கம்பி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இன்ஜினை இயக்கியதும் அந்தக் கம்பி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே இழுக்கப்பட வேண்டும்; அணைத்ததும் தடங்கலின்றிப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் ஆக்சுவேட்டரின் குழாயைக் கழற்றிக் கையால் இயக்கும் வேக்கம் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி நகர்ந்து ஒரு நிமிடம் அப்படியே நின்றால் ஆக்சுவேட்டர் நலமாக இருக்கிறது, குறை குழாயிலோ சோலனாய்டிலோ இருக்கிறது. நகர்ந்தும் மெல்லத் தளர்ந்தால் உள்ளே உள்ள ரப்பர் கிழிந்திருக்கிறது. வேக்கம் ஏறியும் கம்பி நகராவிட்டால், அல்லது விக்கி விக்கி நகர்ந்தால், தகடுகளில் கரி படிந்து இறுகியிருக்கிறது. நகரத்துக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டிகளுக்கு வரும் நோய் இது. தொடக்க நிலையில் கம்பியைப் பலமுறை முழுதாக இழுத்து விட்டு, பிறகு நெடுஞ்சாலையில் சுமையோடு அரை மணி நேரம் ஓட்டினால் பல வண்டிகள் தெளிந்துவிடுகின்றன. தெளியாவிட்டால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. கம்பியின் பக்கத்தில் பெயின்ட் அடித்து முத்திரையிட்ட சிறு ஸ்க்ரூ ஒன்று இருக்கும். தகடுகளின் குறைந்தபட்சத் திறப்பைத் தொழிற்சாலையில் அளந்து பூட்டிய இடம் அது. அதைத் திருகி "பிக்கப்" கூட்டித் தருவதாக யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

வடிவம் மாறாத டர்போவில் வேஸ்ட்கேட் கம்பியைத் தள்ளுவது காற்றழுத்தம். கதவு துருப்பிடித்துத் திறந்தே நின்றால் அழுத்தம் ஏறாது, மூடியே நின்றால் அளவுக்கு மீறும். ஆறிய நிலையில் கம்பியை இடுக்கியால் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு நகர்ந்து, விட்டதும் "டக்" என்று மூடினால் போதும்.

ஸ்கேனரும் எண்களும்

புளூடூத்தில் கைப்பேசியோடு பேசும் சிறிய ஓ.பி.டி. கருவி (இன்ஜின் கம்ப்யூட்டரின் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர்) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பி.எஸ். 4 காலத்து வண்டிகளில் இது பெரும்பாலும் வேலை செய்யும். அதற்கு முந்தைய சில வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும் பொதுச் செயலிகளோடு பேசாது. கோடு (code) என்று வரும் குறை எண், சோதனையைத் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும். மாற்ற வேண்டிய பொருளைக் காட்டாது. பி 0299 என்றால் எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை, பி 0234 என்றால் எல்லை மீறியது, பி 0401 என்றால் இ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை, பி 0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. பி 0299 வந்ததும் டர்போ மாற்றச் சொல்வது, காய்ச்சல் என்றதும் அறுவை சிகிச்சை செய்வதைப் போன்றது.

அந்தக் குறை எண்ணைவிட நேரலை எண்களே எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. சாவியை மட்டும் போட்டு இன்ஜினை இயக்காமல் இன்டேக் அழுத்தத்தை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள்: அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்கும், கோவையில் 96, 97 அளவில் இருக்கும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஏறக்குறைய 78-க்கு இறங்கும். இந்த எண்ணே பிசகினால் சென்சாரில் கரி படிந்திருக்கிறது அல்லது சென்சார் கெட்டிருக்கிறது. பிறகு ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 3,000 வரை போகும்போது, பக்கத்தில் உள்ளவர் எண்ணைப் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள வண்டியில் அது ஏறக்குறைய 200-ஐ எட்டும். 130, 140-இல் தேங்கினால் கசிவோ கட்டுப்பாட்டுக் குறையோ இருக்கிறது. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும், எண் பார்க்கும் வேலையில் அவர் தலையிடக் கூடாது.

இங்கேயே இ.ஜி.ஆர். வால்வையும் சென்சார்களையும் முடித்துவிடலாம். இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றினால் தார்போன்ற கரி இருக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி, வால்வு முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, புது கேஸ்கெட்டோடு மாட்டலாம். அதைத் தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, நான் அதை ஏற்பதில்லை. நைட்ரஜன் ஆக்சைடு நச்சு கூடும், கோடும் திரும்பத் திரும்ப வரும். காற்றளவு சென்சாருக்குக் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்தால் அது கெட்டுவிடும், அதற்கென்றே உள்ள கிளீனரை மட்டும் தெளித்து உலர விட வேண்டும். புகையின்றி இழுவை குறைந்த வண்டியில், வேறு எதையும் தொடுவதற்கு முன்பு டீசல் ஃபில்டரை மாற்றி, அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள்.

மூன்றாவது தேடல்: ஆயில் வரும் வழியும் போகும் வழியும்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அக்கறை கொள்ளும் பகுதி இது. டர்போவின் தண்டில் உள்ள சீல், தண்ணீர்க் குழாயில் இருக்கும் ரப்பர் வாஷர் போன்றதன்று. பிஸ்டன் ரிங்கைப் போன்ற சிறிய இரும்பு வளையம்தான் அது. உள்ளே வந்த ஆயில் உடனுக்குடன் கீழே இறங்கிச் சம்ப்பில் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் அது காக்கும். இறங்கும் குழாய் கரியால் அடைத்தாலோ, யாரோ மாட்டும்போது நசுங்கினாலோ, பிரீதர் அடைத்துச் சம்ப்பில் அழுத்தம் கூடினாலோ, ஆயில் போக வழியின்றி வளையத்தைத் தாண்டி இரு பக்கமும் வழியும். அப்போது பார்ப்பவர் டர்போ சீல் போய்விட்டது என்பார். புது டர்போ மாட்டினாலும் மறுநாளே அதுவும் வழியும். எனவே ஆயில் கசியும் டர்போவைக் குறை சொல்லும் முன்பு, இறங்கும் குழாயைக் கழற்றி உள்ளே ஒளியடித்துப் பாருங்கள். பிரீதரையும் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் தளர்த்தி அப்படியே வைத்தால், அது லேசாக அதிர்வது இயல்பு, துள்ளி எழுந்தால் சம்ப்பில் அழுத்தம் இருக்கிறது.

வரும் வழி இன்னும் முக்கியம். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய பைப் சூடான பகுதியை ஒட்டியே போவதால், தரமற்ற ஆயிலோ தாமதமாக மாற்றிய ஆயிலோ அதனுள் கரியாக உறைந்துவிடும். சில இன்ஜின்களில் அந்தப் பைப்பைப் பொருத்தும் துளையுள்ள போல்ட்டுக்குள் சல்லடை ஒன்றும் இருக்கும், அடைப்பு அங்கேதான் தொடங்கும். இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்து "சக் சக்" என்ற ஒலியும் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற படிவும் இருந்தால், அதை நாள் கடத்தாமல் மாற்ற வேண்டும். அங்கிருந்து சேரும் கரி ஆயிலைக் கெட்டியாக்கி, சம்ப்பின் அடியிலுள்ள ஆயில் ஸ்ட்ரெயினர் வரை அடைக்கும். மல்டிஜெட் இன்ஜினில் டைமிங் செயினும் இதே ஆயிலை நம்பி ஓடுகிறது என்பதால், இங்கே காட்டும் கஞ்சத்தனம் இரண்டு பக்கமும் அடிக்கும். பழைய வண்டிக்குக் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் எல்லை வரை காத்திருக்காமல், அதற்கு முன்பே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது என் பழக்கம். கையேடு சொல்லும் கிரேடை மட்டும் மாற்றுவதில்லை.

ஓர் ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் அளவுக்கு மீறி இன்டேக்கில் போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது, வெள்ளையும் நீலமுமாகப் புகை சூழும். அப்போது ஓட்டுநர் இருக்கையில் இருந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஐந்தாம் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அடக்க வேண்டும். பானெட் பக்கம் போய் எதையும் கையால் அடைக்க முயலக் கூடாது. அடங்காவிட்டால் விலகிப் போய்விடுங்கள், உடைந்த பாகங்கள் இன்ஜின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். இன்ஜின் போனால் போகட்டும்.

கடைசியாக டர்போ

மேலே சொன்ன எல்லாம் நன்றாக இருந்தால்தான் டர்போவின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். ஆறிய இன்ஜினில் காற்று வரும் ஹோஸைக் கழற்றினால் சக்கரமும் அதன் நடுவில் ஒரு நட்டும் தெரியும். நட்டை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சிறிது ஆடும், ஆடத்தான் வேண்டும். ஆயில் நிரம்பும் இடைவெளி அது. ஆனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் இறக்கை உறையைத் தொடக் கூடாது. பிறகு உள்ளும் புறமுமாக, அதாவது தண்டின் நீளவாக்கில் தள்ளி இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியும் அளவுக்கு அங்கே ஆட்டம் இருந்தால் டர்போ தேய்ந்துவிட்டது. இறக்கைகளின் முனை டார்ச் வெளிச்சத்தில் கூர்மையாக, ஒரே அளவில் தெரிய வேண்டும். முனைகள் மழுங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது, உறையில் வட்டமாகக் கீறல் இருந்தால் சக்கரம் உரசியிருக்கிறது.

டர்போவைப் பிரித்து உட்பாகம் மாற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த வேகத்தில் சுழலும் தண்டுக்கு பேலன்சிங் இயந்திரம் தேவை. அது இருக்கும் கடையில் மட்டுமே கொடுக்க வேண்டும், பேலன்ஸ் செய்த பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். கழற்றுவதையும் மாட்டுவதையும் நாமே செய்யலாம். புகைப்பக்க நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தால் ஸ்டட் முறியாது.

மாட்டும்போது ஆயில் வரும் பைப்பைப் புதிதாகவே போடுங்கள், இறங்கும் குழாயைக் கழுவுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், இன்டர்கூலர் இருந்தால் அதில் தேங்கிய ஆயிலையும் உலோகத் துணுக்கையும் முழுதாக வெளியேற்றுங்கள். ஆயில் இணைப்புகளில் சிலிக்கான் பசை தடவக் கூடாது. பிதுங்கும் துணுக்கு ஒன்று போதும், வழி அடைபட. பிறகு ஆயில் வரும் துளையில் புது ஆயிலை ஊற்றிச் சக்கரத்தை விரலால் சுற்றிவிட வேண்டும். இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பற்றாதபடி பத்து நொடி, பத்து நொடியாக இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை தொடருங்கள். அதன் பிறகே இணைப்புகளை மாட்டி இயக்கி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலிங்கில் விட வேண்டும். புது டர்போவின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தக் கால் மணி நேரம்தான்; அவசரத்தில் இதைத் தவிர்த்ததால் உலர்ந்த தண்டு சில நொடிகளிலேயே கீறிப்போவது உண்டு.

எது சரிசெய்யப்பட்டிருந்தாலும், கோடுகளை அழித்துவிட்டு முன்பு சொன்ன மூன்றாம் கியர் சோதனையை அதே சாலையில் மறுபடி செய்து இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் வண்டி ஆறியதும் எல்லா கிளாம்புகளையும் ஒரு முறை இறுக்க வேண்டும், சூடாகி ஆறும்போது ரப்பர் சற்று உட்கார்ந்திருக்கும். நெடுஞ்சாலையிலோ மலைப்பாதையிலோ ஓட்டி நிறுத்தும்போது முப்பது நொடி முதல் ஒரு நிமிடம் வரை இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்த்துத் தேதியோடும் கிலோமீட்டரோடும் குறித்து வையுங்கள். அடுத்த ஐந்நூறாவது கிலோமீட்டரில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி பார்த்து, ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் ஆயில் இறங்கும் குழாயிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.